கடைசியாக நடக்க வேண்டியவள்

அப்பியா
7 மார்ச் 1994

அன்பு மகள் அபௌலாவுக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் வலி மழையோடு வருகிறது, மழையோடு போகிறது. இந்த வருடமும் சேம்பு இலையெல்லாம் கருகிவிட்டதால் சீமைப்பலாவும் வாழைக்காயும்தான் சாப்பாடு. ஃபிஜியில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாயா? ஆய்வுக்கூடத்தில் வேலை என்று கிறிஸ்துமஸுக்கு வராமல் இருந்துவிட்டாய். வீடு வீடாகவே இல்லை.

ஒரு நல்ல சேதி. நம் மகளிர் உயர்கல்விச் சங்கம் ஆகஸ்டில் ஒரு ஃபேஷன் ஷோ நடத்தப் போகிறது. வருகிற பணத்தில் உன் கடைசிப் பருவப் படிப்பும் நடக்கும், புதிதாக இரண்டு பெண்களையும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாம். தலைவி அகெனேசே அம்மாள்தான் சொன்னார், சங்கம் படிக்க வைத்த முதல் பெண் நீ, அதனால் கடைசியாக மேடையில் நடக்க வேண்டியவள் நீதான் என்று. வெள்ளைப் புலேத்தாசிச் சட்டையும் பாவாடையும் போட்டு நடந்து வந்து, நாலு வார்த்தை பேச வேண்டும். கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், சிரிப்பை மறைக்க.

துணி தைப்பது லோலா. உன்னோடு ஆறாம் வகுப்பில், பையனாகப் பிறந்தும் பையன்கள் வரிசையில் நிற்க மாட்டேன் என்று அழுதவள், நினைவிருக்கிறதா? இப்போது இந்த ஊரில் அவளை மிஞ்சித் தைக்க ஆளில்லை. உன் அளவை உடனே அனுப்பச் சொல்கிறாள்.

தபால் நிலையத்துக்குத் தொலைபேசியில் கூப்பிடாதே. அங்கே பேசினால் மறுநாள் சந்தையில் கேட்கலாம். எழுது.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா தெலேசியா


சுவா
30 மார்ச் 1994

அம்மாவுக்கு அபௌலா எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். இங்கேயும் விடாமல் மழை. அறையில் துவைத்த துணி காயவே இல்லை. அப்பா முழங்காலுக்குத் தேங்காயெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்து விடு, அவர் வேண்டாம் என்றாலும்.

படிப்பு நன்றாகப் போகிறது. இந்தப் பருவத்தில் தண்ணீரில் கலந்திருக்கும் உப்புகளைப் பிரித்து அளக்கும் பாடம். ஆசிரியர் என் வேலையை வகுப்புக்குக் காட்டினார்.

ஃபேஷன் ஷோ நல்ல யோசனை. ஆனால் நான் வந்துதான் ஆக வேண்டுமா? வேறு யாராவது நடந்தால் என்ன? எனக்கு இப்படி மேடையில் நடப்பதெல்லாம் வராது என்று உனக்கே தெரியும். அளவு அவசரமில்லை, பிறகு அனுப்புகிறேன்.

தம்பிகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அபௌலா


அப்பியா
18 ஏப்ரல் 1994

என் செல்ல மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ நன்றாக இருப்பதில் நிம்மதி. நாங்களும் குறையில்லை. எண்ணெய் தேய்த்துவிட்டேன், அப்பா திட்டிக்கொண்டே காலை நீட்டினார்.

ஒத்திகை ஆரம்பித்துவிட்டோம். தேவாலயங்களிலிருந்து பெண்கள் வருகிறார்கள். மீன் சந்தைக்காரிகள், செவிலியர்கள், வங்கியில் வேலை பார்க்கும் இரண்டு பேர். லோலா எல்லோரையும் நடக்க வைத்துப் பார்க்கிறாள். என்னையும் விடவில்லை. நான் நடந்து முடித்ததும், "டீச்சர், நடக்கச் சொன்னா பசங்கள அடிக்கப் போற மாதிரி போறீங்க. கையில பிரம்பு இல்லாததுதான் பாக்கி" என்றாள். இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் நடந்த நடை எங்கே போகும்?

படிப்பு உதவிக்கு விண்ணப்பித்த பெண்களைக் கூப்பிட்டு அகெனேசே அம்மாள் சங்கத்தின் விதிகளைப் படித்துக் காட்டினார். பட்டம் வாங்கும்வரை கல்யாணம் ஆகக் கூடாது, குழந்தை பெறக் கூடாது, மீறினால் அந்த நாளோடு உதவி நிற்கும். ஒரு பெண் பயந்து என் முகத்தைப் பார்த்தாள். "பயப்படாத, எங்க அபௌலாவும் இந்த விதியிலதான் படிக்கிறா" என்று சொல்லி வைத்தேன்.

நீ வராமல் எப்படி? சங்கத்தில் சொல்லியாகிவிட்டது. கூச்சமெல்லாம் மேடை ஏறும்வரைதான். அளவு, அளவு, அளவு. லோலா என்னைத் தெருவில் நிறுத்திக் கேட்கிறாள்.

உன் வரவை எதிர்நோக்கும்,
அம்மா


சுவா
27 மே 1994

அம்மா,

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். நானும் சுகம்தான்.

போன வருட அளவே சரியாக இருக்கும். லோலாவிடம் அது இருக்கிறது.

ஆனால் ஆகஸ்டில் என்னால் வர முடியாது. விடுமுறையிலும் ஆய்வுக்கூட வேலை இருக்கிறது. அகெனேசே அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். தயவுசெய்து திரும்பக் கேட்காதே.

அபௌலா


அப்பியா
13 ஜூன் 1994

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இப்போது எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

நம் திருச்சபையின் ஃபாபியோலா சுவாவுக்குப் போய்த் திரும்பியிருக்கிறாள். உன்னைப் பேருந்தில் பார்த்தாளாம். எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கா. கொஞ்சம் பூசினாப்புல இருக்கா" என்றாள். சொல்லிவிட்டுத் தன் கூடையைப் பார்த்தாள். நானும் அந்தக் கூடையையே பார்த்தேன்.

உன் அளவைப் பற்றிக் கவலைப்படாதே. அதை விட்டுவிடு என்று லோலாவிடம் சொல்லிவிட்டேன்.

இன்னொரு சேதி. சனிக்கிழமை நடந்த கூட்டத்தில் எழுந்து நின்று, கல்யாணம், குழந்தை என்ற அந்த விதியை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அகெனேசே அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தெலேசியா, ஜனங்க நமக்குப் பணம் குடுக்கிறது பொண்ணுங்க படிக்கிறதுக்கு. பிள்ளை பெத்துக்கறதுக்கு இல்ல" என்றார்.

நான் சொன்னேன்: "அரசாங்கம் பசங்களுக்கும் உதவிப் பணம் குடுக்குது. அப்பா ஆயிட்டான்னு எவனையாவது திருப்பி அனுப்பியிருக்காங்களா? ஒரே ஒரு பேரு சொல்லுங்க, நான் உக்காந்துடறேன்."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு ஓட்டெடுப்புக்கு விட்டார். அதில் தோற்றேன். என் பக்கம் கை தூக்கியது மூன்று பேர்தான். பரவாயில்லை, கூட்டம் மாதாமாதம் நடக்கிறது.

கீரை நிறையச் சாப்பிடு. ஈரல் கிடைத்தால் வாங்கு, காசு பார்க்காதே. கனமான வாளி தூக்காதே. இரவில் இடது பக்கமாகப் படு.

எப்போதும் உன்,
அம்மா


சுவா
1 ஜூலை 1994

அம்மா,

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு நான் அழுத அழுகையில் பக்கத்து அறைப் பெண் கதவைத் தட்டினாள். அன்று இடது பக்கமாகத்தான் படுத்தேன். பல வாரங்களுக்குப் பிறகு தூங்கினேன்.

அப்பா, தம்பிகள் எல்லோரும் சுகமா? இதை எழுதும்போதுதான் தெரிகிறது, போன இரண்டு கடிதத்திலும் சுகமா என்று நான் கேட்டதெல்லாம் பேருக்குத்தான்.

செப்டம்பர் முதல் வாரம் என்று மருத்துவர் சொல்கிறார். அவன் சாலமன் தீவுகளைச் சேர்ந்தவன். என்னோடு படித்தான், படிப்பு முடிந்து டிசம்பரிலேயே ஊருக்குப் போய்விட்டான். சொல்லி எழுதினேன். வாழ்த்துகிறேன் என்று ஒரு அட்டை வந்தது. அவ்வளவுதான். இனி அவனுக்கு எழுதப் போவதில்லை, நீயும் அவன் பேரைக் கேட்காதே.

நீ கூட்டத்தில் எழுந்து நின்ற பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்காக இனி யாரிடமும் தோற்காதே. விஷயம் தெரிந்தால் அப்பா தேவாலயத்தில் தலை நிமிர முடியாது, நீ சங்கத்தில் உட்கார முடியாது. அதனால் நானே விலகிக்கொள்கிறேன். இங்கே துணி ஆலையில் ஆள் எடுக்கிறார்கள். அகெனேசே அம்மாளுக்கு எழுதிய விலகல் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். கொடுத்துவிடு.

மன்னித்துக்கொள் அம்மா.

அபௌலா


அப்பியா
14 ஜூலை 1994

அபௌலா,

நாங்கள் சுகம். நீயும் வயிற்றிலிருப்பதும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் விலகல் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். ஈரமாக இருந்தது போலிருக்கிறது, எரிய நேரமெடுத்தது. இன்னொன்று எழுதினால் அதுவும் அங்கேதான் போகும். கோபம் எனக்கும் இருக்கிறது. இத்தனை மாதம் தனியாகச் சுமந்தாயே, அந்தக் கோபம். அதை நேரில் தீர்த்துக்கொள்கிறேன். துணி ஆலை எங்கேயும் ஓடிப் போகாது. நீ வகுப்புக்குப் போ.

அப்பாவிடம் சொன்னேன். துறைமுக வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டார், துடைத்துக்கொண்டார், எழுந்து போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் போய்த் திருச்சபையில் தன் டீக்கன் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை, தானாகவே கொடுத்தார். வீட்டில் என்னோடு பேச்சில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிடுகிறார்.

அடுத்து சங்கம். அதை வேறு வாயில் கேட்பதற்கு முன் என் வாயால் சொல்ல நினைத்தேன். எழுந்து, என் மகள் கர்ப்பமாக இருக்கிறாள், அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று சொன்னேன். வங்கியில் வேலை பார்க்கும் லூசியா கேட்டாள், "அப்போ போன மாசம் விதியை எடுக்கணும்னு பேசினது இதை மறைச்சுத்தானா?"

"ஆமா" என்றேன். "மறைச்சுக் கேட்டேன், தோத்தேன். இப்ப மறைக்காம கேக்கறேன். அவ மூணு வருஷமா ஒரு பாடத்துல கூடத் தோக்கல. ரெண்டு பரீட்சைதான் பாக்கி. அவளை நிறுத்தினா நீங்க இதுவரைக்கும் போட்ட பணமும் வீண், அவளும் வீண்."

அகெனேசே அம்மாள் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, நிகழ்ச்சி முடிந்த மறுநாள் ஓட்டெடுப்பு என்றார். என்னை வெளியே போகச் சொல்லவில்லை. ஆனால் விஷயம் பரவிவிட்டது. இரண்டு தேவாலயங்கள் தங்கள் பெண்களை மேடையில் நடக்க விடமாட்டோம் என்று சொல்லிவிட்டன. லோலாவின் வீட்டில் தைத்த துணி தொங்குகிறது, போட ஆளில்லை.

லோலா ஊசியை வாயில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "என் வாழ்க்கையில பாதி நாள் என்னை உள்ள விடமாட்டோம்னுதான் சொல்லியிருக்காங்க டீச்சர். நான் கதவுகிட்டயே நின்னு பழகினவ. வாங்க, ஆள் தேடுவோம்."

தேடிக்கொண்டிருக்கிறோம்.

உன் பக்கம் நிற்கும்,
அம்மா


சுவா
2 ஆகஸ்ட் 1994

அன்புள்ள அம்மா,

நான் சுகம். குழந்தை உதைக்கிறது, அதுவும் விரிவுரை நடக்கும்போதுதான். பருவத் தேர்வு எழுதினேன். மேசைக்கும் எனக்கும் நடுவில் இடம் போதவில்லை, பக்கவாட்டில் உட்கார்ந்து எழுதினேன். வகுப்பில் இரண்டாவது மதிப்பெண்.

இனி விலகல் கடிதம் எழுத மாட்டேன்.

அப்பாவின் பொறுப்பு போனதை நினைத்துத்தான் வருத்தம். அவரிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. எதுவும் சொல்லாதே.

கடைசியாக மேடைக்கு வருபவள் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றாயே. நான் வந்திருந்தால் பேசியிருக்க வேண்டியதை எழுதுகிறேன். படிப்பதும் விடுவதும் உன் விருப்பம்.

"என் பெயர் அபௌலா. வேதியியல் மூன்றாம் ஆண்டு. செப்டம்பரில் எனக்குக் குழந்தை பிறக்கும். நவம்பரில் தேர்வு எழுதுவேன். இரண்டையும் செய்ய எனக்கு உங்கள் உதவி வேண்டும்."

உன் மகள்,
அபௌலா


அப்பியா
22 ஆகஸ்ட் 1994

என் கண்ணே,

எல்லோரும் சுகம். இரண்டு நாளாகக் குரல் கட்டியிருக்கிறது, அது பேசியதால் வந்தது. நீ எப்படி இருக்கிறாய், கால் வீங்குகிறதா? வீங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போ.

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே மழை. யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். மண்டபம் நிறைந்து, ஜன்னலுக்கு வெளியே குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாதிப் பேர் உதவ வந்தவர்கள், பாதிப் பேர் என் முகத்தைப் பார்க்க வந்தவர்கள். இரண்டு தரப்பிடமும் சீட்டுக்குக் காசு வாங்கினோம்.

நடப்பதற்குப் பெண்களைக் கண்டுபிடித்துவிட்டோம். சந்தைக்காரிகள் யாரும் பின்வாங்கவில்லை. இரவுப் பணி முடிந்த செவிலியர்கள் தூங்காமல் வந்தார்கள். என் பள்ளியில் சமைக்கும் அம்மாள் பச்சைப் புலேத்தாசியில் வந்து நின்றபோது பிள்ளைகள் கூரை பிய்ந்து போகிற மாதிரி கத்தினார்கள். மெலிந்த பெண்களுக்காகத் தைத்ததையெல்லாம் லோலா மூன்று நாளில் பிரித்து, இடையில் வேறு துணி கொடுத்துப் பெரிதாக்கியிருந்தாள். அதுதான் புது மோஸ்தர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

கடைசி நடை யாருக்கு என்று கேட்க அகெனேசே அம்மாளிடம் போனேன். அவர் சொன்னார்: "அந்த இடம் உன் பொண்ணோடது. அவ வரல, நீ போய் நில்லு. ஆனா என்ன பேசப் போறேன்னு என்கிட்ட சொல்லாத. சொன்னா நான் தடுக்க வேண்டியிருக்கும்."

நான் போனேன். பிரம்பில்லாத அதே நடைதான். நடுவில் நின்று உன் வார்த்தைகளைச் சொன்னேன். நீ எழுதியபடியே, கூட்டாமல் குறைக்காமல்.  ஜன்னல் பக்கம் ஒருவன் சிரித்தான். திரும்பி நடக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போது பின் வரிசையிலிருந்து உன் அப்பா எழுந்து வந்தார். அவர் வந்திருந்ததே எனக்குத் தெரியாது. திருமணங்களில் ஆடும் பெண்ணைப் பெருமைப்படுத்தச் சொந்தக்காரர்கள் சுற்றிச் சுற்றி ஆடுவார்களே, அப்படிக் கையை உதறிக்கொண்டு, கூவிக்கொண்டு, அந்த நொண்டிக் காலோடு ஆடிக்கொண்டே வந்தார். ஆடும் பெண் தங்களை மிதித்துப் போகட்டும் என்று அவள் காலடியில் படுப்பார்களே, அதேபோல் என் முன்னால் வந்ததும் தரையில் குப்புறப் படுத்துவிட்டார்.

பேச்சுவார்த்தை இல்லாமல் ஆறு வாரம் ஆகிறது. நான் தயங்கி நின்றேன். தரையில் கன்னத்தை வைத்தபடியே சொன்னார், "மிதிச்சிட்டுப் போடி. நம்ம பொண்ணுக்குத்தானே நடக்கிற."

அவர் முதுகில் காலை வைத்து ஏறி நடந்தேன். சந்தைக்காரிகள் பாட ஆரம்பித்தார்கள். ஆட்கள் எழுந்து வந்து காலடியில் பணம் போட்டார்கள். அந்த ஜன்னல்காரன் போட்டானா என்று தெரியாது, கூட்டத்தில் பார்க்க முடியவில்லை.

நேற்று ஆராதனை முடிந்து ஓட்டெடுப்பு. இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் விதி போய்விட்டது. அகெனேசே அம்மாள் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டார். முடிவைக் கேட்டதும் பேனாவை எடுத்து, எல்லோர் முன்னாலும் உன் கடைசிப் பருவத்துக்கான காசோலையில் கையெழுத்துப் போட்டார். "நான் ஒத்துக்கல. ஆனா சங்கம் ஒத்துக்கிச்சு. காலையில முதல் தபால்ல போகணும்" என்றார். இதே தபாலில் வருகிறது. புதிய பெண்கள் இருவருக்கும் பணம் இருக்கிறது.

இன்றைக்கு எல்லாவற்றையும் மறந்து தூங்கு.

அம்மா


சுவா
9 செப்டம்பர் 1994

அம்மா, அப்பா இருவருக்கும்,

தந்தி கிடைத்திருக்கும். நானும் பேத்தியும் சுகம். நல்ல எடை, நிறைய முடி, அழும்போது முகம் தாத்தாவைப் போலவே இருக்கிறது.

உன் கடிதத்தைப் பிரசவ வார்டில் படித்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு ஃபிஜி அம்மாள் என்ன என்ன என்று கேட்டு முழுவதையும் சொல்ல வைத்தாள். அப்பா குப்புறப் படுத்த இடத்தை இரண்டு முறை சொல்லச் சொன்னாள்.

காசோலை வந்தது. கட்டணம் கட்டிவிட்டேன். இனிதான் சிரமம் என்று தெரிகிறது. பத்து நாளில் வகுப்புக்குத் திரும்ப வேண்டும், நவம்பர்வரை விடுப்புக் கிடையாது. விடுதியில் குழந்தைக்கு இடமில்லை. அந்த ஃபிஜி அம்மாள் தன் வீட்டில் ஒரு அறை தருகிறாள். பகலில் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் தேட வேண்டும். எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

அன்புடன்,
அபௌலா


அப்பியா
16 செப்டம்பர் 1994

அபௌலா,

நாங்கள் சுகம், நீங்கள் இருவரும் சுகமாக இருங்கள். இதை அவசரமாக எழுதுகிறேன், தபால் பை இன்று மத்தியானம் போகிறது.

ஆள் தேடாதே. பள்ளியில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பா பெரிய பன்றியை விற்று விமானச் சீட்டு வாங்கிவிட்டார். தம்பிகளுக்கு அவரே சமைப்பாராம், பாவம் பிள்ளைகள். போதகர் வந்து டீக்கன் பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார். நவம்பருக்குப் பிறகு யோசிக்கிறேன், இப்போ வீட்டுல வேலை இருக்கு என்று அனுப்பிவிட்டார்.

உன் பரீட்சை முடியும்வரை நான் அங்கேதான். பகலில் குழந்தை என்னிடம், இரவில் பாலுக்கு மட்டும் உன்னிடம். அந்த ஃபிஜி அம்மாளின் வீட்டு விலாசம் உன் கடிதத்தின் பின்னால் இருக்கிறது. கேட்டுக் கேட்டு நானே வந்துவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை காலை வந்து இறங்குகிறேன். விமான நிலையத்துக்கு வராதே. அன்றைக்கு உனக்கு வகுப்பு இருக்கிறது.

அம்மா